கண்ணாடிப் பெட்டிக்குள் மைனி

மகளுக்குப் பிரசவம் பார்க்கக் கனடாவுக்கு வரமாட்டேன் என்று மைனி, அதாவது என் அண்ணன் மனைவி, சொன்னபோது, குளிருக்குப் பயப்படுகிறாள் என்றுதான் நானும் அண்ணனும் நினைத்தோம். கம்பளிச் சட்டை வாங்கலாம், காலுக்குத் தடிமனாக உறை வாங்கலாம் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். மைனி வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டே, குளிரெல்லாம் தனக்கு ஒரு பொருட்டே இல்லை என்றாள். விமானத்துக்கும் பயமில்லையாம். விழுந்தால் எல்லாரும் சேர்ந்துதானே விழப்போகிறோம் என்றாள். பிறகு அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்த மிஷினுக்குள்ள மட்டும் நான் போவ மாட்டேன்" என்றாள்.

எந்த மிஷின் என்று அண்ணன் கேட்டான். அவனுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். விமான நிலையத்தில் ஆளை நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, உடம்பு முழுக்க ஒரு தரம் துழாவிவிட்டு அனுப்புகிற ஸ்கேனர். அதைப் பற்றிப் பெண்களின் வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ வந்திருந்தது. சாம்பல் நிறத்தில் மனித உருவங்கள், உடுத்திய துணி எதுவும் தெரியாமல், திரையில் நிற்கும். பின்னணியில் ஒரு குரல், உள்ளே ஒரு அறையில் ஆள் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான், படமும் எடுத்து வைக்கிறான் என்று பதறும். மைனி அதைப் பல தடவை பார்த்திருக்கிறாள் என்பது அவள் விவரித்ததிலிருந்தே தெரிந்தது.

மைனி களக்காட்டில் வாழை போடுகிற குடும்பத்திலிருந்து எங்கள் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்தவள். சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள், ஊரையே நக்கல் அடிப்பாள், ஆனால் உடம்பு விஷயத்தில் அப்படி ஒரு கூச்சம். தாமிரபரணியில் குளித்துவிட்டு ஈரத்துக்குள்ளேயே உடை மாற்றிக் கரையேறும்போது, அவள் குளித்தாள் என்பதற்கு முகத்தில் இருக்கும் தண்ணீர் ஒன்றுதான் சாட்சி. காய்ச்சல் என்றாலும் பெண் டாக்டர்தான். அந்தப் பெண் டாக்டரிடமும் நாக்கை நீட்ட யோசிப்பாள்.

நான் புவியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறேன். அண்ணனுக்கு விமானம் ஏறுவதில் விருப்பமில்லை என்பதாலும் எனக்கு இங்கிலீஷ் வரும் என்பதாலும் மைனிக்குத் துணையாக என்னைப் போட்டிருந்தார்கள். டீச்சர் புத்தி விடுமா? கூகுளில் தேடிப் படித்துவிட்டு மைனிக்கு வகுப்பெடுத்தேன். வீடியோவில் இருப்பது பழைய மிஷின், அந்த வகையை எடுத்துவிட்டார்கள், இப்போதுள்ளதில் வெறும் கோட்டுப்படம்தான் தெரியும் என்றேன்.

"எடுத்துட்டாங்கன்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்று மைனி கேட்டாள். "நம்ம ஊர்ல பழைய பஸ்ஸ எடுத்தாங்களா? பெயிண்ட் அடிச்சுல்லா ஓட்டுதாங்க."

 அண்ணனோ அதற்குள் வேறு பக்கம் போய்விட்டான். அதுவரை, ஒன்றும் ஆகாது, போய்விட்டு வா என்று சொல்லிக்கொண்டிருந்தவன், வீடியோவைப் பார்த்ததும் மைனியைவிட அதிகமாகச் சூடாகிவிட்டான். எவனோ ஒருத்தன் உள்ளே உட்கார்ந்து பார்ப்பது என்ன நியாயம், இதைக் கேட்க ஆளில்லையா என்று முற்றத்தில் நடந்தான். மகள் கனடாவிலிருந்து பேசியபோது அவளிடமும் இதையே கேட்டான். அவள் பேறுகாலத்தை நெருங்கிக்கொண்டிருக்கிற பெண். நீங்கள் யாரும் வரவேண்டாம், நானே பெற்றுக்கொள்கிறேன் என்று போனை வைத்துவிட்டாள்.

விஷயம் எப்படியோ வேதக்கோயில் பெண்கள் சங்கத்துக்குப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில்தான். ஜெபம் முடிந்து டீயும் முறுக்கும் வந்த உடனே இதுதான் பேச்சு. ஒருத்தி ஆதாம் ஏவாளிலிருந்து ஆரம்பித்தாள். பழத்தைத் தின்ற பிறகு இலையைக் கட்டிக்கொண்டது மனுஷ ஜாதி, இப்போது இந்த மிஷின் வந்து அந்த இலையையும் உருவுகிறது என்றாள். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தி அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் தான் பார்க்காத உடம்பா, நாலு பேரைப் பார்த்த பிறகு எல்லாம் ஒன்றுபோலத்தான், அந்த ஆளுக்கு நம்மைப் பார்த்தால் கொட்டாவிதான் வரும் என்றாள். குண்டு வைத்துக்கொண்டு ஒருவன் ஏறிவிட்டால் என்ன செய்வீர்கள், பார்த்துத் தொலைக்கட்டுமே என்றாள் இன்னொருத்தி. மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்து கீழே வந்து எங்கள் தெருவில் குடியேறியிருந்த ஒரு அக்கா மட்டும் ரொம்ப ஆர்வமாக என் பக்கம் திரும்பி, தனக்கு நெடுநாளாக வயிற்றின் இடது பக்கம் வலி இருக்கிறது, அந்த மிஷினில் நின்றால் என்னவென்று சொல்லிவிடுவார்களா, அதற்குத் தனியாகக் கட்டணம் உண்டா என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் மைனி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "ஒங்களுக்கெல்லாம் டிக்கெட் போடல. எனக்குல்லா போட்டிருக்கு" என்று சொல்லி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவளைக் கொஞ்சம் அசைத்தது அண்ணனின் நண்பர்தான். காயல்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்தவர். நாம் ஜங்ஷனுக்கும் பேட்டைக்கும் போய்வருவது போல நாடு நாடாகப் போய்வருகிறவர். ரவையில் சுட்ட தம்மடை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தார். அண்ணன் அவரிடம் பொரிந்து தள்ளியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு காலத்துல அப்படி இருந்தது வாஸ்தவந்தான் வே" என்றார். "இப்பம் அது ஆளப் பாக்காது. ஆளு மேல என்ன இருக்குன்னுதான் பாக்கும்."

தன் வீட்டுப் பெண்களும் முதலில் தயங்கியவர்கள்தான் என்றார். அவர் மனைவி போன தடவை, மிஷின் வேண்டாம், ஒரு பெண் வந்து கையால் சோதிக்கட்டும் என்று கேட்டாராம். உடனே ஒரு பெண்ணை வரவழைத்து, தனி அறையில் வைத்து மரியாதையாகச் சோதித்து அனுப்பினார்களாம். எல்லா ஊரிலும் அப்படி விடுவார்களா என்று தெரியாது, ஆனால் பல ஊரில் விடுவார்கள். "கேட்டா குடுப்பாங்க அக்கா. கேக்கதுக்கு வாய்தான் வேணும்" என்று மைனியைப் பார்த்துச் சொன்னார்.

வாய் மைனியிடம் தாராளமாக இருந்தது. இங்கிலீஷ்தான் வேண்டியிருந்தது. மிஷின் வேண்டாம், பெண் சோதனையாளரை அனுப்புங்கள் என்பதை ஒரு வாக்கியமாக்கி அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மாவு ஆட்டும்போதும் துணி காயப்போடும்போதும் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஒருநாள் காலையில் வாசலுக்குப் போனவள் அதே ஞாபகத்தில் பால்காரரிடமே அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டாள். அவர் ஒரு கணம் யோசித்து, ஒரு பாக்கெட் கூடுதலாக வைத்துவிட்டுப் போனார்.

இருந்தாலும் ஒரு வேளை கேட்டும் விடாவிட்டால் என்ன செய்வது என்று அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு ஒத்திகை வைத்தோம். ஹாலில் சாக்பீஸால் இரண்டு பாதம் வரைந்தேன். மைனி அதில் ஏறி நின்றாள். கையைத் தூக்கச் சொன்னதும் ஒரு கையைத் தூக்கினாள், மறு கை முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கையைத் தூக்கச் சொன்னால் இது இறங்கிவிடும். நர்ஸ் அக்கா, இது என்ன பெரிய வித்தை என்று தானும் பக்கத்தில் நின்று தூக்கிக் காட்டினாள். எஸ்டேட் அக்காவும் தூக்கினாள். கொஞ்ச நேரத்தில் சங்கம் மொத்தமும் ஹாலில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றது. நான் ஸ்கேனராக ஒவ்வொருவரையும் சுற்றி வந்தேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் மார்க்கெட்டிலிருந்து வந்தான். கதவைத் திறந்தவன் பார்த்தது, வீடு நிறையப் பெண்கள் கையைத் தூக்கிக்கொண்டு மூச்சு விடாமல் நிற்பதைத்தான். கதவுக்குப் பின்னால் கத்தியோடு எவனோ நிற்கிறான் என்று முடிவு செய்திருக்கிறான். காய்கறிப் பையை மெள்ளக் கீழே வைத்தான். பிறகு அவனும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "நகை எல்லாம் பேங்க்ல இருக்கு" என்றான்.

நாங்கள் அன்று சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டதாகச் சொன்னார்கள். தக்காளி உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. ஆதாம் ஏவாள் அக்கா நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். மைனி கண்ணைத் துடைத்துக்கொண்டே, சரி, போய்த்தான் பார்ப்போமே என்றாள். அவள் ஒத்துக்கொண்டது அப்படித்தான்.

ரயிலில் சென்னை போய் அங்கிருந்து விமானம். சென்னையில் அந்த மிஷின் எங்கள் வழியில் இல்லை. நிலைவாசல் போன்ற ஒன்றைத் தாண்டி, திரை போட்ட சிறு தடுப்புக்குள் போக வேண்டும். காக்கி உடுத்திய பெண் ஒருத்தி மேடையில் ஏறச் சொல்லி, கைக்கருவியால் தடவி, கையாலும் தட்டிப் பார்த்து அனுப்பினாள். மைனி வெளியே வந்து, ஜாக்கெட்டுக்கு அளவெடுத்தது மாதிரி இருந்தது, ஆனால் நம் தையல்காரி இவ்வளவு நேரம் எடுக்கமாட்டாள் என்றாள். இத்தனைக்கும் அங்கே கையே மேலே பட்டது. அதற்கு அவள் கூசவில்லை. பார்க்கிறவர் யாரென்று தெரிகிறது, அதுவும் ஒரு பொம்பளை, அவள் கண்ணை நானும் பார்க்கிறேன், அது வேறு என்றாள். நான் படித்துத் திரட்டிய எதிலும் இதை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஐரோப்பாவில் ஒரு பெரிய ஊரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். அங்கேதான் அது நின்றது. ஆள் உயரத்துக்கு மேலே, உருண்டையான கண்ணாடிப் பெட்டி. தரையில் மஞ்சள் நிறத்தில் இரண்டு பாதம். வரிசையில் எங்களுக்கு முன்னால் நிறையப் பேர். மைனி என் கையைப் பிடித்துக்கொண்டு வாக்கியத்தை முணுமுணுத்தபடி நகர்ந்தாள்.  இவ்வளவு பேருக்குப் பாடம் நடத்தினேனே தவிர நானும் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

கொஞ்சம் நகர்ந்ததும் பெட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த திரை கண்ணில் பட்டது. மலை போன்ற ஒரு மனிதர் உள்ளே போய்க் கையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தார். திரையில் ஒரு கோட்டுருவம் வந்தது. கழிப்பறைக் கதவில் ஒட்டியிருக்கும் பொம்மை மாதிரி, மூக்கும் இல்லை, முழியும் இல்லை. அதன் இடுப்பில் ஒரு மஞ்சள் கட்டம். அவர் பெல்ட்டைக் கழற்ற மறந்திருந்தார். அடுத்து ஊதினால் பறக்கிற மாதிரி ஒரு ஒல்லிப் பெண் போனாள். திரையில் அதே பொம்மை. முழங்கையில் கட்டம், அவ்வளவுதான் வித்தியாசம்.

மைனி நின்றுவிட்டாள். பொம்மையைப் பார்த்தாள், அந்த மலை மனிதரைத் திரும்பிப் பார்த்தாள், மறுபடி பொம்மையைப் பார்த்தாள். "இதுக்கா நான் பால்காரன்கிட்ட இங்கிலீஷ் பேசினேன்?" என்றாள். தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. "ஏ பிள்ள, இதுல போனா நானும் ஒல்லியால்லா தெரிவேன்."

அவளே முன்னால் போனாள். மனப்பாடம் செய்த வாக்கியம் வாயைவிட்டு வரவே இல்லை. பாதத்தில் பாதத்தை வைத்து, இரண்டு கையையும் தூக்கினாள். அதோடு அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. கதவருகே கையைத் தூக்கிக்கொண்டு நின்ற அவன் முகம் எனக்கும் அதே நொடியில் ஞாபகம் வந்தது, நாங்கள் ஒருவரையொருவர் பார்த்திருக்கக் கூடாது. மைனி கண்ணாடிக்குள் குலுங்கினாள். மிஷின் சுற்றி முடித்துவிட்டு, பொம்மையின் மேல் தலை முதல் கால் வரை மஞ்சள் கட்டமாகப் போட்டது. ஆடக்கூடாது என்று அங்கிருந்த அதிகாரி சைகை காட்டினாள். உயரமான இளம்பெண். மறுபடி நிற்க வைத்தாள். மறுபடியும் கட்டங்கள். மைனி உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிக்கொண்டு நின்றபோதுதான் மிஷின் சமாதானமானது. ஒரே ஒரு கட்டம் மட்டும் பாக்கி. தலைக்குப் பின்னால், கொண்டையில்.

பாளையங்கோட்டையில் மைனியின் கொண்டைக்கு ஒரு பெயர் உண்டு. இந்த வயதில் இத்தனை முடியா என்று கேட்காதவர்கள் இல்லை. கரிசலாங்கண்ணி எண்ணெயா, செம்பருத்தியா என்று கல்யாண வீடுகளில் அவளைச் சுற்றி உட்கார்ந்து விசாரிப்பார்கள். அந்த அதிகாரிப் பெண் கையுறையைக் காட்டி, தலையைத் தொடலாமா என்று கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். மைனியின் சிரிப்பு சட்டென்று நின்றதை அப்போது நான் கவனித்தேன், காரணம் புரியவில்லை. அவள் தலையைக் குனிந்தாள். அதிகாரி கொண்டையை லேசாக அமுக்கினாள். ரயிலிலும் விமானத்திலும் வந்ததில் ஊசிகள் ஏற்கெனவே தளர்ந்திருக்க வேண்டும். கொண்டை அப்படியே கழன்று அவள் கைக்கு வந்துவிட்டது.

அந்தப் பெண் பயந்துபோய் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். நிறுத்தவே இல்லை. அவள் கையில் இருந்தது சவுரி. மைனியின் தலையில் மிச்சம் இருந்தது ஒரு எலுமிச்சம்பழ அளவு நரைமுடி.

 ஒரே வீட்டில் இத்தனை வருஷம். எனக்கே தெரியாது. மைனியின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள் நிமிர்ந்து சவுரியைப் பார்த்தாள், அதிகாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஒடம்பு தெரிஞ்சிரும்னு பயந்தேன்லா" என்றாள், பைய. "இத நான் யோசிக்கவே இல்ல பாரு."

பிறகு சிரித்தாள். இந்த முறை அடக்கவே முயலவில்லை. சோதனை முறைப்படி சவுரியை ஒரு சாம்பல் நிறத் தட்டில் வைத்துப் பைகள் போகிற எக்ஸ்ரே பெல்ட்டில் விட்டார்கள். ஒரு பக்கம் லாப்டாப், ஒரு பக்கம் பூட்ஸ், நடுவில் சுருண்டு தூங்குகிற கறுப்புப் பூனை மாதிரி அது தனியாகப் போனது. மலை மனிதர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டே வாயைப் பிளந்து பார்த்தார். மைனி அவரைப் பார்த்து, தன்னுடையதுதான் என்று நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டினாள். அவரும் மரியாதையாகத் தலையாட்டினார்.

அடுத்தது நான். உள்ளே போய் நின்றேன், கையைத் தூக்கினேன், முடியவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். மிஷின் என்னைத் திரும்பத் திரும்பச் சுற்றியும் உடம்பு முழுக்கக் கட்டம்தான். கடைசியில் அந்த அதிகாரிக்கும் தொற்றிக்கொண்டது. அவள் கண்ணில் நீர் வர, போதும் என்று கையைக் காட்டி என்னை வெளியே கூப்பிட்டு, கையாலேயே சோதித்து அனுப்பினாள். மிஷினைப் பற்றி ஊருக்கே வகுப்பெடுத்த நான் அதில் தேறவில்லை.

அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது மைனி சவுரியைக் கைப்பையில் வைத்து, தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டாள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு முடி கொட்டியதாகவும், களக்காட்டில் அவள் அம்மா இதை வாங்கிக் கொடுத்ததாகவும், அது எப்படியோ பழகிவிட்டதாகவும் சொன்னாள். அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும்னு அவிய சொல்லல, தெரியாதுன்னு நானும் நெனைக்கல" என்றாள். இதை எழுதட்டுமா என்று பிற்பாடு நான் கேட்டபோது அவள் போட்ட ஒரே நிபந்தனை, யார் பெயரையும் போடக்கூடாது என்பதுதான்.

கனடாவில் விமான நிலையத்துக்கு மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். அம்மாவின் தலையைப் பார்த்ததும் மகள் பதறினாள். காரில் ஏறும்வரைகூடப் பொறுக்காமல் மைனி அங்கேயே நின்று நடந்ததைச் சொன்னாள், கையைத் தூக்கி நின்று காட்டினாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிரசவ வலிதான் வந்துவிட்டது என்று நினைத்து மருமகன் சக்கர நாற்காலிக்கு ஓடினான். அவன் தள்ளிக்கொண்டு வந்த நாற்காலியில் கடைசியில் மைனிதான் உட்கார்ந்து வந்தாள். கால் வீங்கியிருந்தது.

பேத்தி கொஞ்ச நாள் கழித்துச் சௌகரியமாகப் பிறந்தாள். நாங்கள் வெயில் காலம் வரை இருந்தோம். திரும்பி வரும்போது அதே ஐரோப்பிய ஊரில் இரண்டு வரிசை இருந்தது, ஒன்றில் வெறும் நிலைவாசல், மற்றதில் கண்ணாடிப் பெட்டி. என்னைக் கேட்காமலே மைனி பெட்டி வரிசைக்குப் போய் நின்றாள். கொண்டை இல்லை, கட்டமும் விழவில்லை.

ஊர் வந்த செவ்வாய்க்கிழமை சங்கம் முழுதாகக் கூடியது. மைனி எல்லாவற்றையும் சொன்னாள், முடியைப் பற்றி மட்டும் அங்கே குளிர் என்பதால் வெட்டிவிட்டேன் என்றாள். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆதாம் ஏவாள் அக்கா இன்னமும் தன் கட்சியை விடவில்லை, பொம்மையாகக் காட்டினாலும் பார்த்தது பார்த்ததுதானே என்றாள். வயிற்று வலியைப் பற்றி அந்த மிஷின் ஒன்றும் சொல்லாது என்று தெரிந்ததும் எஸ்டேட் அக்கா அடுத்த நாளே நர்ஸ் அக்காவோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். மாத்திரையிலேயே சரியாகிவிட்டது.

இப்போது புது விஷயம் அண்ணன். பேத்தியின் முகத்தைப் போனில் பார்த்துப் பார்த்து ஆசை வந்து, பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துவிட்டான். மிஷினைப் பற்றி அவனுக்குக் கோபமெல்லாம் இல்லை. நேற்றுச் சாப்பிடும்போது வேறு ஒன்றைக் கேட்டான். அவன் வேட்டி தவிர வேறு எதுவும் கட்டியதில்லை, இனிமேலும் கட்டப்போவதில்லை.

"பெல்ட்டக் கழத்தணும்னு சொல்லுதிய. கை ரெண்டையும் தூக்கணும்னும் சொல்லுதிய. அப்பம் வேட்டிய யாரு பிடிக்கது?"

மைனி ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள்.  காயல்பட்டினத்துக்காரர் சனிக்கிழமை வருகிறார், அவரிடம் கேட்கலாம் என்றிருக்கிறோம்.